மழைக்கு ஒரு திகதி, கடனுக்கு ஒரு திகதி

வரும் ஆண்டைப் பற்றிப் பேசுவதற்கு எமது நாட்டில் எப்போதும் இரண்டு மேடைகள் போடப்படுகின்றன. ஒன்றில் பொருளியலாளர்கள் அமர்ந்து வட்டி வீதம், டொலரின் பெறுமதி, அரசின் வருமானம், கடன் மீளளிப்பு என்பவற்றை ஆராய்கின்றனர். மற்றையதில் சுற்றாடல் அறிஞர்கள் அமர்ந்து வெப்பநிலை, கடல்மட்டம், சூறாவளி என்பவற்றை ஆராய்கின்றனர். முதலாவது மேடையில் மழை பெய்வதில்லை. இரண்டாவது மேடையில் எவரும் கடன்பட்டவர் இல்லை. வன்னியில் மூன்று ஏக்கர் வயல் செய்யும் கமக்காரர் ஒருவருக்கோ இவை இரண்டும் ஒரே விடயம். அவருடைய வீட்டுக்குள் பருவநிலை மாற்றம் அடகுச் சிட்டையாகவே நுழைகிறது.

இதனை மனத்திற் கொண்டு, வரும் காலபோகத்தையும் அதனைத் தொடரும் மாதங்களையும் பற்றிச் சில கருத்துகளை முன்வைக்க விரும்புகிறேன். வடக்கு, கிழக்கு மாகாணங்களின் நெற்செய்கையை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். மலையகத் தோட்டங்களுக்கும் கரையோரக் கடற்றொழிலுக்கும் தனித்தனிக் கட்டுரைகள் வேண்டும். ஒன்றுக்குள் எல்லாவற்றையும் திணித்தால் எதுவும் விளங்காது.

எமது முன்னோர் வயற் கணக்கை மாதக் கணக்கோடு பொருத்தி வைத்திருந்தனர். புரட்டாதியில் புழுதி விதைப்பு, ஐப்பசி கார்த்திகையில் அடைமழை, மார்கழியில் குளம் நிறைந்து பயிர் குடலை கட்டுதல், தை மாசியில் அறுவடை. தை பிறந்தால் வழி பிறக்கும் என்ற பழமொழிக்குப் பின்னால் இருப்பது நெல் விற்ற காசுதான். கடன் அடைப்பதும், நகை மீட்பதும், கலியாணம் பேசுவதும், வீட்டுக் கூரையை மாற்றுவதும் அதற்குப் பிறகே. இந்தக் கணக்கு ஒருபோதும் பிசகவில்லை என்று நான் சொல்லவில்லை. 1964 டிசெம்பரில் மன்னார்ப் பகுதியைத் தாக்கிய சூறாவளியையும், 1978 நவெம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியையும் கண்ட பெரியவர்கள் இன்னும் எம்மிடையே உள்ளனர். ஆனால் அவை ஒரு தலைமுறையில் ஒருமுறை வந்த துயரங்களாகவே நினைவுகூரப்பட்டன.

இப்போது அண்மைய ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும், கதிர் முற்றும் வேளையில், கிழக்கு மாகாணம் அடுத்தடுத்து இரு தடவை நீரில் மூழ்கியது. 2016-2017 இல் நாற்பது ஆண்டுகளில் காணாத வறட்சி. 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம். 2020 டிசெம்பரில் புரெவி. 2024 ஜனவரியில் கிழக்கில் மீண்டும் அறுவடைக் கால வெள்ளம். அதே ஆண்டு நவெம்பரில் பெங்கல் சூறாவளியோடு வந்த பெருமழை, இளம்பயிரை அழுக வைத்தது. 2025 நவெம்பர் இறுதியில் டித்வா. அதில் நாடு முழுவதும் 600 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பதினைந்து ஆண்டுகளுக்குள் இத்தனை.

இதன் காரணம் விளங்காத ஒன்றல்ல. காற்று ஒரு பாகை செல்சியஸ் வெப்பம் கூடினால் ஏறக்குறைய 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கக்கூடியதாகிறது. வங்காள விரிகுடாவின் நீர் சூடேறச் சூடேற அங்கு உருவாகும் தாழமுக்கங்கள் அதிக ஈரத்தைச் சுமந்து வருகின்றன. ஆகவே மழை இல்லாத நாட்கள் நீளுகின்றன. பெய்யும் நாளில் கொட்டித் தீர்க்கிறது. உலகளவில் 2024 ஆம் ஆண்டே அதுவரை அளவிடப்பட்டவற்றுள் மிக வெப்பமான ஆண்டு; கைத்தொழிற் புரட்சிக்கு முந்திய நிலையிலும் பார்க்க ஏறக்குறைய ஒன்றரைப் பாகை கூடுதல். வருடாந்த மொத்த மழைவீழ்ச்சியை மட்டும் பார்த்து “மழை குறையவில்லையே” என்று சொல்பவர்கள் வயலில் இறங்கிப் பார்க்காதவர்கள். கமக்காரர் கேட்பது எத்தனை மில்லிமீற்றர் என்றல்ல, எந்தக் கிழமை என்று.

இங்கு ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். எல்லாப் பழியையும் வானத்தின் மீது போடுவது இப்போது வசதியான பழக்கமாகி வருகிறது. 2018 டிசெம்பர் வெள்ளத்தின் பின்னர், இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் உரிய நேரத்தில் திறக்கப்பட்டனவா என்ற கேள்வியை மக்கள் எழுப்பினர். அது நியாயமான கேள்வி. கழிவு வாய்க்காலை மறித்து மதில் கட்டியவரும், குளத்தின் அலைகரைக்குள் காணி பிடித்தவரும், பாலத்துக்குப் பதிலாக இரண்டு குழாய்களைப் புதைத்துவிட்டு வீதி போட்டவரும் “பருவநிலை மாற்றம்” என்ற ஒரே குடையின் கீழ் ஒதுங்கிக்கொள்வதை நாம் அனுமதிக்கலாகாது. வானம் செய்தது ஒரு பங்கு, மனிதர் செய்தது இன்னொரு பங்கு. கிராமத்து மக்கள் இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தவர்கள்.

இனி நான் முக்கியமாகக் கருதும் விடயத்துக்கு வருகிறேன். பெருவெள்ளம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். தொலைக்காட்சி வரும், அமைச்சர் வருவார், உலர் உணவுப் பொதிகளோடு நிறுவனங்கள் வரும். ஆனால் தை மாதத்தில், அரிவி வெட்டும் கிழமையில், மூன்று நாட்கள் விட்டுவிட்டுப் பெய்யும் சாதாரண மழையை எவரும் அனர்த்தமாக எண்ணுவதில்லை. மன்னார்ப் பக்கத்தில் ஒரு வயோதிபத் தாயார் என்னிடம் சொன்னார்: “சுவாமி, வெள்ளம் வந்தா சாமான் கொண்டு ஓடி வருவினம். மழை தூறி நெல்லு நனைஞ்சா ஒருத்தரும் எட்டியும் பாராயினம். எங்களுக்கு ரெண்டும் ஒண்டுதான்.”

ஒன்று என்று அவர் சொன்னது மிகையல்ல. வயலில் நீர் நின்றால் சில்லுப் பூட்டிய அறுவடை இயந்திரம் இறங்க மாட்டாது. சங்கிலி பூட்டிய இயந்திரத்துக்குக் காத்திருக்க வேண்டும், வாடகையும் கூட. காத்திருக்கும் நாட்களில் கதிர் சாய்கிறது, சாய்ந்த கதிர் முளைக்கிறது. வெட்டிய நெல்லை உலர்த்த இடமில்லை. வன்னியில் பயணம் செய்த எவரும் பிரதான வீதியின் ஓரத்தில் நெல் பரப்பியிருப்பதைக் கண்டிருப்பர். அது அழகிய காட்சி என்று படம் பிடிப்போர் உண்டு. ஒரு மாவட்டத்தின் முழு விளைச்சலுக்கும் களம் இல்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. மழை தூறும்போது அந்த வீதியும் இல்லை.

நெல் சந்தைப்படுத்தும் சபை நெல்லை வாங்குவதற்கு ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேற்படலாகாது. அறுவடை இயந்திரத்திலிருந்து நேரே மூடையில் விழும் நெல்லில், அதுவும் மழைக்காலத்தில், இதைவிட எவ்வளவோ கூடுதலான ஈரம் இருக்கும். எனவே அரசின் உத்தரவாத விலை பத்திரிகையில் இருக்க, லொறியோடு வயற்கரையில் நிற்கும் வியாபாரி சொல்வதே விலையாகிறது. 2025 ஆம் ஆண்டு இவ்விலைகள் பெப்ரவரி 5 ஆம் திகதி அறிவிக்கப்பட்டன: நாட்டரிசி நெல் கிலோவுக்கு 120 ரூபா, சம்பா 125, கீரிச்சம்பா 132. விலை நியாயமானதா என்பது வேறு விவாதம். அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் ஜனவரியிலேயே அறுவடை தொடங்கிவிடுகிறது என்பதை இவ்வறிவிப்பைத் தயாரித்தவர்கள் அறியாதவர்களல்லர். அறிந்தும் திகதி பிந்தியது.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஏக்கருக்கு 1,800 கிலோ விளைந்தது என்று வைத்துக்கொள்வோம். நனைந்த நெல் என்று சொல்லிக் கிலோவுக்கு 30 ரூபா குறைத்தால் ஏக்கருக்கு 54,000 ரூபா இழப்பு. 2024 நவெம்பர் வெள்ளத்தில் பயிர் முற்றாக அழிந்தவருக்கு வழங்கப்பட்ட நட்டஈட்டின் உச்ச வரம்பு ஹெக்டேயருக்கு 100,000 ரூபா, அதாவது ஏக்கருக்கு ஏறக்குறைய 40,000. பின்னர் இத்தொகை உயர்த்தப்பட்டது என்பது உண்மை. ஆயினும் முழு அழிவுக்குக் கிடைக்கக்கூடிய தொகையிலும் பார்க்க, “அழிவே இல்லை” என்று பதியப்படும் வயலில் ஏற்படக்கூடிய இழப்பு பெரிதாக இருக்கலாம் என்பதைக் கவனிக்கவேண்டும். இந்த இழப்புக்குப் படிவம் இல்லை. கிராம அலுவலரிடம் போய் அழுதாலும் அவர் எந்தப் பத்தியில் எழுதுவார்?

இந்த 54,000 ரூபா எங்கே போகிறது என்று பார்த்தால்தான் பொருளாதாரம் என்ற சொல் கிராமத்தில் என்ன பொருள்படும் என்பது விளங்கும். ஒரு வயல் விதைக்கப்படுவது பல கைகளின் காசில். உழவுக்கும் விதைநெல்லுக்கும் மனைவியின் நகை வங்கியில் அடகு வைக்கப்படுகிறது. உரமும் களைநாசினியும் கடையில் கடனாக எடுக்கப்படுகின்றன. அந்தக் கடைக்காரரே பல இடங்களில் நெல் வாங்குபவராகவும் இருப்பதால், கடன் கொடுத்த அன்றே நெல்லின் விலையும் பாதி தீர்மானமாகிவிடுகிறது. உழவு இயந்திரம் லீசிங்கில் ஓடுகிறது, மாதாமாதம் தவணை. பிள்ளைகளின் படிப்புக்கும் மருந்துக்கும் பெண்கள் எடுத்த நுண்கடனுக்கோ வாரத் தவணை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருமானம் காணும் வீட்டில் வாரத்துக்கு ஒருமுறை கட்டவேண்டிய கடன்! இதனை வகுத்தவர் எவராயினும் அவர் நெல் விளையும் ஊரில் பிறந்தவராக இருக்க முடியாது.

இக்கடன்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு திகதி உண்டு. அத்திகதிகள் பழைய மழைக் கணக்கை நம்பி எழுதப்பட்டவை. மழை தன் திகதியை மாற்றிக்கொண்டுவிட்டது, கடன் மாற்றிக்கொள்ளவில்லை. இரண்டுக்கும் இடையே விழும் நாட்களில்தான் நகை ஏலத்துக்குப் போகிறது, காணி ஈடு வைக்கப்படுகிறது, மகன் கொழும்பு ஹோட்டலுக்கோ மகள் வெளிநாட்டு வீட்டுப்பணிக்கோ அனுப்பப்படுகிறாள். காலநிலை அகதி என்ற சொல்லைக் கேட்டவுடன் கடலில் மூழ்கும் தீவுகளை நாம் நினைக்கிறோம். எமது ஊரிலிருந்து கட்டுநாயக்காவுக்குப் போகும் வானில் இருப்பவர்களை அப்படி அழைப்பதில்லை.

இத்தொடர்பை அரசு அறியாததும் அல்ல. 2018 ஆம் ஆண்டில், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தீர்த்துவைக்கும் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. வறட்சியும் கடனும் ஒரே நோயின் இரு பக்கங்கள் என்பதை அரசாங்கமே ஏற்றுக்கொண்டதற்கு அது சாட்சி. ஆனால் தள்ளுபடி என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. முன்வாசலால் அனுப்பிய கடன் பின்வாசலால் வேறு பெயரில் வருவதற்கு அதிக காலம் எடுப்பதில்லை. கடன் எடுக்கவேண்டிய காரணம் அப்படியே இருக்கிறதே.

கமக்காரரின் வீட்டில் நடப்பது நாட்டிலும் நடக்கிறது. 2022 ஏப்ரில் 12 ஆம் திகதி இலங்கை தனது வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மித்தது. உணவுப் பொருட்களுக்கு அதனிலும் கூட. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே நாளில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. நீர் இறைக்கும் பம்பிக்கும் சிறு வள்ளத்துக்கும் மண்ணெண்ணெயையே நம்பியிருந்தவர்களுக்கு அந்த நாள் மறக்காது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 3 பில்லியன் டொலர் பெறுமதியான நான்காண்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2024 ஜனவரியில் பெறுமதிசேர் வரி 18 சதவீதமாகியது. டீசலும் அதற்குள் அடங்கியது. வரவு செலவுத் திட்டத்தில் வட்டி நீங்கலாக மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 2.3 சதவீதத்தை 2025 முதல் மிகுதியாகக் காட்டவேண்டும் என்பது அத்திட்டத்தின் இலக்குகளுள் ஒன்று. 2028 முதல் வெளிநாட்டுக் கடன் தவணைகள் மேலும் பாரமாகும்.

இந்த நிலையில்தான் டித்வா வந்தது. உலக வங்கியின் மதிப்பீட்டின்படி நேரடிச் சேதம் 4.1 பில்லியன் டொலர், அதாவது நாட்டின் ஆண்டு உற்பத்தியில் ஏறக்குறைய 4 சதவீதம். நாணய நிதியம் அவசர உதவியாக 206 மில்லியன் டொலரை அங்கீகரித்தது. உதவி என்று பத்திரிகைகள் எழுதின. அது கடன். வயல் அழிந்தவர் விதைநெல்லுக்கு மீண்டும் அடகுக்கடை ஏறுவது போல, நாடும் ஏறி இறங்குகிறது.

வளிமண்டலத்தைச் சூடேற்றியதில் எமது பங்கு மிகச் சொற்பம் என்பதை நாம் உரத்துச் சொல்லவேண்டும். இழப்புக்கும் சேதத்துக்கும் ஈடு செய்ய ஒரு நிதியம் அமைப்பதென 2022 இல் எகிப்தில் நடந்த ஐக்கிய நாடுகள் காலநிலை மாநாட்டில் முடிவாகியது. 2023 இல் டுபாய் மாநாட்டில் அது செயலுருப் பெற்றது. 2025 வரை உலகின் செல்வந்த நாடுகள் அதற்கு வாக்களித்த மொத்தத் தொகை 1 பில்லியன் டொலரைக்கூட எட்டவில்லை. ஒரே சூறாவளி ஒரு சிறு தீவில் செய்த சேதத்தின் கால்வாசிக்கும் அது போதாது. அந்த நிதியத்தின் கதவைத் தட்டுவது எமது அரசின் கடமை. ஆனால் வரும் தை மாத அறுவடைக்கு அங்கிருந்து காசு வரும் என்று காத்திருப்பவர் பட்டினி கிடப்பார்.

கணக்கை நேர்மையாகப் பார்த்தால், அரசின் கையிலும் பெரிய தொகை இல்லை. மிகுதி காட்டவேண்டிய அரசு, ஒவ்வொரு போகத்துக்கும் நட்டஈட்டை அள்ளி வழங்கப்போவதில்லை. எனவே வரும் ஆண்டின் உண்மையான பொருளாதாரக் கேள்வி இதுதான்: மழை பிசகினால் அந்த நட்டம் எவர் தலையில் விழும்? எவரும் எதுவும் செய்யாவிட்டால் விடை ஏற்கெனவே தெரிந்ததே. அது விதைத்தவர் தலையில், அதிலும் குத்தகைக்கு விதைத்தவர் தலையில் முதலில் விழும். அவருடைய பெயர் கமநல சேவை நிலையத்தின் பதிவேட்டில் இல்லாவிட்டால் உர மானியமும் காணிக்காரருக்கு, காப்புறுதியும் காணிக்காரருக்கு. நட்டம் மட்டும் அவருக்கு.

அவசரப்பட்டுச் சட்டம் போடுவது பரிகாரமாகாது என்பதை நாம் பட்டு அறிந்தோம். 2021 ஏப்ரிலில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை அறிவிக்கப்பட்டது, மே மாதத்தில் வர்த்தமானியில் வந்தது, நவெம்பரில் கைவிடப்பட்டது. அதற்குள் காலபோகம் நாசமாகிவிட்டது. மண்ணைக் காப்பது என்று மேடையில் சொல்லப்பட்டது. டொலரை மிச்சம் பிடிப்பது என்பதே உள்நோக்கம் என்று ஊரில் எல்லோரும் பேசிக்கொண்டனர். இதில் எனக்குள்ள தனிப்பட்ட ஆதங்கம், பசளைக் குழியையும் பசுந்தாட் பசளையையும் பல ஆண்டுகளாகப் பொறுமையாக எடுத்துச் சொல்லி வந்த கிராமியத் தொண்டர்களின் வாயை அந்த ஏழு மாதங்கள் அடைத்துவிட்டன என்பதே. இன்றும் “இயற்கை” என்று தொடங்கினால் கமக்காரர் எழுந்து போய்விடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே பெரிய திட்டங்களை விட்டு, வரும் போகத்துக்குள் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன். முதலாவது, களம். ஒவ்வொரு கமநல சேவைப் பிரிவிலும், இயன்றால் ஒவ்வொரு கமக்காரர் அமைப்புக்கும், சீமெந்துத் தளமும் கூரையும் கொண்ட பொதுக் களம் ஒன்று வேண்டும். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் பழைய களஞ்சியங்கள் பல இடங்களில் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றைத் திருத்தி ஓர் உலர்த்தும் இயந்திரத்தைப் பொருத்துவது, வெள்ளம் வந்தபின் விநியோகிக்கும் பொதிகளைவிட நீண்ட காலம் பயன்தரும். தொண்டு நிறுவனங்களை நடத்துவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். பொதி கொடுப்பதில் படம் நன்றாக வரும். களத்தில் நெல் காய்வதைப் படம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினால் எவரும் கண்ணீர் விடப்போவதில்லை. ஆனால் நெல்லைக் காயவைத்து மூன்று கிழமை வைத்திருக்க முடிந்தவர், வயற்கரை விலைக்கு விற்கவேண்டியதில்லை. களஞ்சியத்தில் வைத்த நெல்லின் பேரில் கூட்டுறவுச் சங்கம் பாதி முன்பணம் கொடுக்குமானால் நகையையும் மீட்டுக்கொள்வார். இது புதிய யோசனையே அல்ல. எமது சங்கங்கள் நல்ல நிலையில் இருந்த காலத்தில் செய்ததுதான்.

உத்தரவாத விலையை முதலாவது வயல் வெட்டப்படுவதற்கு முன்னர், டிசெம்பர் முடிவதற்குள் அறிவிக்கவேண்டும். 14 சதவீதத்துக்கு மேற்பட்ட ஈரமுள்ள நெல்லை, எவ்வளவு ஈரத்துக்கு எவ்வளவு கழிவு என்ற அட்டவணைப்படி வாங்கவேண்டும். வியாபாரி அப்படித்தான் வாங்குகிறார், கழிவை மட்டும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்கிறார். பயிர்க் காப்புறுதியில் அறுவடைக் கால மழையையும் சேர்க்கவேண்டும். வயல் வயலாகச் சென்று பார்க்க உத்தியோகத்தர் போதாது என்பர். பிரதேச செயலாளர் பிரிவுக்கு ஒரு மழைமானி போதும். அறுவடை வாரங்களில் இத்தனை மில்லிமீற்றருக்கு மேல் பெய்தால் இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிவிட்டால் எவரும் எவரையும் கெஞ்சவேண்டியதில்லை. உர மானியமும் அப்படியே. 2024 காலபோகத்திலிருந்து அது ஹெக்டேயருக்கு 25,000 ரூபாவாகக் கூட்டப்பட்டது நல்லது. விதைத்து இரண்டு வாரத்தில் போடவேண்டிய உரத்துக்கான காசு, பயிர் குடலை கட்டும்போது வந்தால், தொகை எவ்வளவாக இருந்தாலும் உரக்கடைக் கடன் எழுதப்பட்டுவிடும்.

சிறு குளங்களைப் பற்றி இவ்விதழில் பலரும் எழுதுவர் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்றன் கழிவு மற்றொன்றின் வரவாக அமைந்த எமது உலர் வலயத் தொடர்குளங்களை 2017 இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் உலகின் வேளாண் மரபுரிமைகளுள் ஒன்றாக அங்கீகரித்தது. கொட்டித் தீர்க்கும் மழையை வாங்கிவைத்து வெயில் நாட்களுக்குக் கொடுக்க இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை எந்தப் பொறியியலாளரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கட்டுக்கரைக் குளத்தின் கீழும் வவுனிக்குளத்தின் கீழும் விதைப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். பற்றை மூடிய சிறு குளத்தின் கீழ் இருப்பவரே முதலில் காய்கிறார், முதலில் மூழ்குகிறார்.

கடனைப் பற்றிய ஆலோசனையே எல்லாவற்றிலும் எளிதானது, காசு குறைவாகச் செலவாவது. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடைபெறுகிறது. வாய்க்கால் துப்புரவு செய்யும் திகதி, நீர் திறக்கும் திகதி, விதைப்பு முடிக்கவேண்டிய திகதி, கால்நடைகளை அப்புறப்படுத்தும் திகதி எல்லாம் அங்கே எல்லோர் முன்னிலையிலும் தீர்மானிக்கப்பட்டுக் குறிக்கப்படுகின்றன. நீர்ப்பாசனப் பொறியியலாளர் வருகிறார், கமநலத் திணைக்களம் வருகிறது, பொலிசும் சில வேளை வருகிறது. கடன் கொடுத்தவர்கள் மட்டும் வருவதில்லை. வங்கி முகாமையாளரையும், கிராமத்தில் கடன் கொடுக்கும் நிறுவனங்களையும், கூட்டுறவுச் சங்கத் தலைவரையும் அக்கூட்டத்துக்கு அழைக்கவேண்டும். நீர் திறக்கும் திகதி பிந்தினால், மறுவிதைப்பு நேர்ந்தால், அறுவடை வாரங்களில் மழை குறித்த அளவைத் தாண்டினால், கடன் திகதியும் அத்தனை கிழமை பிந்தும் என்று விதைப்பதற்கு முன்னரே எழுதிக்கொள்ளவேண்டும்.

இதற்கு வங்கியாளர் ஒருவர் என்னிடம் சொன்ன ஆட்சேபம் நியாயமானது: கூட்டுறவிலும் கிராமிய வங்கியிலும் உள்ள பணம் இன்னொரு ஏழையின் சேமிப்பு, திகதி பிந்தினால் அவருக்கு யார் பதில் சொல்வது? உண்மை. அதனாலேயே நான் தள்ளுபடி கேட்கவில்லை. வட்டியும் முதலும் முழுதாகக் கட்டப்படட்டும். பிந்தும் கிழமைகளுக்கு அபராத வட்டி வேண்டாம், நகையை ஏலத்தில் விடவேண்டாம் என்பதே கேட்பது. முன்கூட்டியே தெரிந்த தாமதத்துக்கு வங்கி தயாராகலாம். சொல்லாமல் வரும் தாமதமே அதனையும் வீழ்த்துகிறது.

கூட்டம் வழக்கம்போல் புரட்டாதிக்கு முன்னரோ பின்னரோ நடைபெறும். கமக்காரர் அமைப்புகளின் தலைவர்கள் இப்போதே மாவட்டச் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதி, நிகழ்ச்சி நிரலில் இந்த ஒரு விடயத்தைச் சேர்க்கும்படி கேட்கலாம். தம் உறுப்பினர்கள் எங்கெங்கே, எவ்வளவு, எந்தத் திகதிக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்ற பட்டியல் ஒன்றையும், பெயர்களைக் குறிப்பிடாமல், தயாரித்துக் கையில் கொண்டு போவது நல்லது. பெண்களின் நுண்கடன்களை அதில் சேர்க்க மறக்கவேண்டாம்; ஆண்களிடம் மட்டும் கேட்டால் அவை வெளிவரமாட்டா.